ஆள் இல்லாத அறையின் அளவு

பிப்ரவரி 9

என் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் உயிரோடும் முக்கால்வாசி மானத்தோடும் இருக்கிறேன். மீதிக் கால்வாசி எங்கே போனது என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்பட்டால் இன்னும் கேவலம்.

நேற்று பஸ்ஸில் போனேன். டிரைவிங் ஸ்கூல் வண்டி பட்டறையில் கிடக்கிறது. முன்சீட்டில் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். இத்தனை வருஷமாக எல்-போர்டு வண்டியில் கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தே பழகிய கால் அல்லவா? என்னைக் கேட்காமலே ஓங்கி மிதித்துவிட்டது. கீழே பிரேக் இல்லை. பக்கத்துச் சீட்டு அம்மாளின் கால் இருந்தது.

"ஐயோ என் காலு! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"மன்னிச்சுக்கங்கம்மா. பிரேக்னு நெனைச்சுட்டேன்."

"எது, என் காலா?"

பஸ்ஸே சிரித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "மாஸ்டர், அங்கேருந்தே நீங்க ஓட்டுறதா இருந்தா நான் எறங்கிக்கட்டுமா?" என்றான். அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். நன்றி கெட்ட உலகம்.

உன் பிரசவத்துக்கென்று அம்மா அங்கே வந்து நான்கு மாசம் ஆகிறது. போனில் பேசினால் உன் பக்கம் குழந்தை அழுகிறது, என் பக்கம் காது மந்தம். உங்கம்மாவோ "சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்ற இரண்டு கேள்வியோடு முடித்துக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். சமையலெல்லாம் நானே. இரண்டு பாத்திரம் அடிப்பிடித்து ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. மாடி வீட்டு வாத்தியார், "வீட்ல அவங்க இல்லாம சிரமமா இருக்குமே?" என்று கேட்டார். "அவ இருந்தப்பவும் ஆள் இருக்கறதே தெரியாது சார்" என்றேன். நம் வீட்டுப் பழைய ஜோக்தான். அவர் சிரிக்கவில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்தே மனுஷர் அப்படித்தான்.

இனிமேல் எழுதுவது ரகசியம். சமையலறை அலமாரி தனக்கு எட்டவில்லை என்று உங்கம்மா நாம் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஸ்டூல் போட்டு ஏறித்தான் எதையும் எடுப்பாள். அவள் ஏப்ரல் கடைசியில் திரும்பி வருவதற்குள் இறக்கி மாட்டிவிடலாம் என்று தச்சரைக் கூப்பிட்டேன்.

"எவ்ளோ ஒயரத்துல மாஸ்டர்?"

"வீட்டுக்காரிக்கு எட்டுற ஒயரத்துல."

"அதுதான் எவ்ளோ?"

முதலில் என் சட்டைப் பையைக் காட்டினேன். அது குறைச்சலாகத் தோன்றியது. தோளைக் காட்டினேன். பிறகு காதைக் காட்டினேன்.

"ஒரு முடிவுக்கு வாங்க மாஸ்டர். அவங்க வளந்துக்கிட்டே போறாங்க."

ஆகவே நீதான் அளந்து எழுத வேண்டும். அவளுக்குத் தெரியாமல். அப்படியே உன் வேலை என்னவென்றும் இரண்டு வரி எழுது. நட்சத்திரத்தைச் சோதிக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வாத்தியார் மேற்கொண்டு கேட்கிறார். நான் இருமிச் சமாளிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தியின் கன்னத்தில் ஒன்று.

உன் அப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த சின்னது எழுந்துவிட்டது. அந்த அம்மாள் இப்போது நன்றாக நடக்கிறாரா?

இருமல் நிற்க மருந்து இதோ. அம்மாவின் மோதிரத்தில் இருக்கிற தங்கம் இந்தப் பூமியில் உண்டானதில்லை. எங்கேயோ நட்சத்திரங்கள் மோதியோ வெடித்தோ சிதறுகிற நேரத்தில், அணுக்கள் நியூட்ரான்களை வாரி வாரி விழுங்கிக் கனத்துப்போய், அதிலிருந்து வந்தது. அவசரமாக விழுங்கின அணு சில சமயம் ஒரு நியூட்ரானைத் திரும்பத் துப்பிவிடும். எவ்வளவு துப்புகிறது என்று தெரிந்தால்தான் தங்கக் கணக்கு சரியாக வரும். அப்படித் துப்பியதைப் பிடிக்கிற கருவிதான் நியூட்ரான் டிடெக்டர். பெரிய பரிசோதனை அடுத்த வருஷம். அதற்குள் ஒவ்வொரு டிடெக்டரும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. நான் ஓட்டுகிறவள் இல்லை அப்பா, உங்களைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள்.

டிடெக்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என் கை நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பட்டை. நியூட்ரான் வந்து இடித்தால் உள்ளே மினுக்கென்று ஒரு வெளிச்சம். நம் கண்ணுக்குத் தெரியாது. பட்டையின் இரண்டு முனையிலும் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கருவி, அதைக் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி வெளிச்சம் ஊசிமுனை அளவு உள்ளே போனாலும் கண் குழம்பிவிடும், வராததை வந்தது என்று சொல்லும். அதனால் பட்டையை வெள்ளை டேப்பாலும் கறுப்புத் தாளாலும் ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றி மூட வேண்டும். எங்கள் மாணவர்கள் அவசரத்தில் சுற்றி, பாதிக்கு மேல் ஒழுகுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானம் பால் கொடுக்க அம்மா குழந்தையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவாள். போன வாரம் குழந்தை என்னிடம் இருக்க, மேஜைப் பக்கம் போய் நின்றாள். ஒரு பையன் மூலையைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து மெல்ல வாங்கி, நகத்தால் மடிப்பை நீவி, ஒரு பட்டையை முழுக்கச் சுற்றிவிட்டாள். என் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவாளே, அதே கை. "புத்தகம் படிக்கவா, பொட்டலம் கட்டவா?" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். எங்கள் தலைமைத் தொழில்நுட்பர், நாங்கள் தாடிக்காரர் என்போம், அந்தப் பட்டையை இருட்டில் வைத்துப் பார்த்தார், விளக்குப் போட்டும் பார்த்தார். இரண்டிலும் ஒரே அளவு, ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஒழுகவில்லை. "நாளைக்கும் வருவாங்களா?" என்று என்னைக் கேட்டார். இப்போது தினமும் இரண்டு மணி நேரம் வருகிறாள். குழந்தை பக்கத்துக் காப்பகத்தில்.

அளந்துவிட்டேன். "அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் எடும்மா" என்று சொல்லிக் கை எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஐந்தே முக்கால் அடி, குதிகாலைத் தூக்காமல்.

உங்கள் வாலு


மார்ச் 15

என் வாலுக்கு,

உன் கடிதத்தை வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் தன் மோதிரத்தைக் கழற்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோ தூரத்துலேருந்தா வந்துச்சு?" என்றார். பிறகு, "அப்புறம் ஏன் இவ்ளோ லூசா இருக்கு?" என்றார். நட்சத்திரத்துக்கு உங்கள் விரல் அளவு தெரியாது சார் என்று சமாதானம் சொன்னேன்.

உங்கம்மா வேலைக்குப் போகிறாள் என்று டிரைவிங் ஸ்கூலில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் சட்டை ஒன்றை மடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். அந்த அரை மணிக்கு உலகத்தில் ஒரு மேஜை காத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அலமாரி மாட்டியாயிற்று. தச்சர் இறக்கி மாட்டிவிட்டு என்னை ஒரு தடவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு அதன் அடிவிளிம்பு மூக்குக்கு நேராக வருகிறது, நேற்று திரும்பும்போது ஒரு முட்டு வாங்கினேன். பரவாயில்லை. அது எனக்காக மாட்டினதில்லை. டப்பாக்களையெல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறேன். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. ஸ்டூலை வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு வங்கிக் காசாளர் அம்மாள் வண்டி கற்றுக்கொள்கிறார். நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் வளைவு வந்தால் ரோட்டைப் பார்க்காமல் என் காலைப் பார்க்கிறார்.

"ஏம்மா, ரோடு அங்க இருக்கு."

"நீங்க பிரேக்குல கால் வெச்சிருக்கீங்களான்னு பாத்தேன் மாஸ்டர்."

"வெச்சிருந்தா?"

"வெச்சிருந்தா நான் தப்பா ஓட்டுறேன்னு அர்த்தம். உடனே கை நடுங்குது."

அன்றிலிருந்து அவர் வரும்போது காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். முழங்கால் வலிக்கிறது. அவர் கை நடுங்கவில்லை.

ஏப்ரல் டிக்கெட்டில் மாற்றம் ஒன்றும் இல்லையே? விமான நிலையத்துக்கு நம் வண்டியிலேயே வருவேன். எல்-போர்டைக் கழற்றிவிட்டு வருவேன் என்று சொல். வேறு ஒன்றும் சொல்லாதே. அலமாரியை அவளே வந்து பார்க்கட்டும்.

உன் அப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது இது. கோபப்படாமல் படியுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தச் சோதனைக்கும் முன்னால் நாங்கள் ஆள் இல்லாத அறையை அளப்போம். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, வெறும் அறையில் டிடெக்டர் எவ்வளவு எண்ணுகிறது என்று பார்த்துக்கொள்வோம். வானத்திலிருந்தும் சுவரிலிருந்தும் எப்போதும் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும். அது தெரிந்தால்தான் மற்றதை அளக்க முடியும். அப்புறம் நியூட்ரான் விடுகிற சின்ன வில்லை ஒன்றை வைத்து அளப்போம். அப்போதும் அறையில் யாரும் நிற்கக் கூடாது. மனுஷ உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தானே. நியூட்ரான் தண்ணீரில் இடித்துத் திசை மாறும், அளவு மாறிவிடும்.

இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டிருந்த டேப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யார் நின்னாலுமா?"

"ஆமாம்மா."

"நான் நின்னாக்கூடவா?"

"நீ நின்னாலும்தான்."

"சும்மா நின்னாலே போதுமா? ஒண்ணும் பண்ணாம?"

தாடிக்காரர் என்ன பேச்சு என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு இந்த மாதிரி விஷயங்கள் ரொம்பப் பிடிக்கும். பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு, ஆபத்தில்லாத தூரத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, அம்மாவை அதில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். பிறகு வெளியே அழைத்துவந்து திரையைக் காட்டினார். ஆள் இல்லாத கோடு ஒன்று, அம்மா நின்ற கோடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி நன்றாகத் தெரிந்தது.

"எது நான்?" என்றாள். காட்டினேன். திரையில் விரலை வைத்து அந்தக் கோட்டின் மேலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். அப்புறம் சிரித்தாள் அப்பா. வாயைப் பொத்திக்கொள்ளாமல். எனக்கு இத்தனை வயதில் அம்மாவின் பல் வரிசை முழுதாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வருகிற வழியில், "உங்கப்பா இருந்தா நம்ப மாட்டாரு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு உங்கள் ஜோக் ஞாபகம் வந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் அம்மாவுக்கு ஒரு வருஷ வேலை தருவதாகச் சொல்கிறார்கள். பெரிய பரிசோதனைக்கான பட்டைகள் முழுவதும் அவள் பொறுப்பு. கழுத்தில் மாட்டிக்கொள்ளப் படம் போட்ட அட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். தூங்கும்போது அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். ஏப்ரல் டிக்கெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறோம். "உங்கப்பாவைக் கேட்டுச் சொல்றேன். அவரு வான்னா வந்துடுவேன்" என்கிறாள். அந்தப் பேச்சில் அவள் மாறமாட்டாள். வருகிற பதினெட்டாம் தேதி ஞாயிறு போனில் உங்களைக் கேட்பாள்.

எனக்காக நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். குழந்தைக்குக் காப்பகம் இருக்கிறது. இது அம்மாவுடைய விஷயம், உங்களுடைய விஷயம்.

இன்னொன்று. மறைக்க மனசு வரவில்லை. "அப்பாவையும் இங்க வரச் சொல்லலாமேம்மா" என்றேன். அம்மா கையிலிருந்த பட்டையை முடித்தாள். அடுத்த பட்டையை எடுத்தாள்.

அலமாரியைப் பற்றி நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீங்கள் சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

உங்கள் வாலு


ஏப்ரல் 20

அப்பா,

நேற்று முன்தினம் நீங்கள் இருவரும் பேசியபோது நான் பக்கத்து அறையில் இருந்தேன். போனை வைத்துவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இருன்னு சொல்லிட்டாரு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அப்புறம் குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்த துணிகள். இன்றைக்கு வேலைக்கு வந்தாள், சுற்றினாள், எல்லாம் எப்போதும்போல. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் அப்பா? உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறீர்களா?

வாலு


மே 4

என் வாலுக்கு,

உன் கடிதம் வந்து சில நாளாகிறது. காசாளர் அம்மாளுக்கு டெஸ்ட் இருந்தது, அதில் இரண்டு நாள் போனது. மீதி நாளுக்குச் சாக்கு இல்லை.

அவர் பாஸ் செய்துவிட்டார். வண்டியிலிருந்து இறங்கினதும் என்னைத் தேடிவந்து, "மாஸ்டர், நீங்க ஒரு தடவைகூட மிதிக்கலை" என்றார். என் தொழிலில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. வண்டி சரியாகப் போகும்போது பக்கத்தில் இருப்பவன் மிதிக்கக் கூடாது. பயத்தில் மிதித்துவிட்டால், ஓட்டுகிறவர் அதற்கப்புறம் தன்னை நம்பமாட்டார்.

அன்றைக்கு என்ன பேசினோம் என்று கேட்டாய். சொல்கிறேன்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"சோறுன்னு நெனைச்சு என்னத்தையோ சாப்ட்டேன்" என்றேன். சிரிக்கவில்லை.

"வாலு எழுதியிருந்தாளா?"

"படிச்சேன்."

"என்ன சொல்றீங்க?"

"இதுல என்ன சொல்றதுக்கு இருக்கு? இரு. நல்லா சுத்து."

"ஒரு வருஷம்ங்கறாங்க. அதுக்கு மேலயும் நீளுமாம்."

"நீளட்டும். டேப்புன்னா நீளத்தானே செய்யும்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. என் காதுதானோ என்று போனை மாற்றி வைத்துக்கொண்டேன். பிறகு கேட்டாள்:

"நான் இல்லாம உங்களுக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே?"

மகளே, அவள் குரல் எனக்குத் தெரியும். நான் ஒரு சொல் தடுமாறியிருந்தால் போதும், மறுநாளே அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு விமானம் ஏறியிருப்பாள். இங்கே வந்து, எட்டுகிற அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். பல் தெரியாமல். அதனால் தடுமாறாமல் சொல்ல வேண்டியிருந்தது. தடுமாறாமல் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கா? நீ இருந்தப்பவும் ஆள் இருக்கறதே தெரியாதே!" என்றேன். சிரிக்கவும் செய்தேன். நன்றாகவே சிரித்தேன்.

"சரி. மருந்தை மறக்காதீங்க" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. குதிகால் விண்ணென்று வலித்தது. அங்கே பிரேக் இல்லை. நல்லவேளை, யாருடைய காலும் இல்லை.

நீ எழுதினதைப் போல நானும் ஆள் இல்லாத அறையை அளந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தேன். சரியாக வரவில்லை. நான் உள்ளே இருக்கிறேனே. நான் வெளியே போனால் அளக்க ஆள் இல்லை. வாத்தியாரிடம் சொன்னேன். அவர் இந்தத் தடவையும் சிரிக்கவில்லை. "சாப்பாடு ஆச்சா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, கீழே இறங்கி வந்து கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார்.

அலமாரியைப் பற்றி அவளிடம் சொல்லாதே. சொன்னால் அது வா என்று கூப்பிடுவதைப் போல ஆகிவிடும். அது அங்கேயே இருக்கட்டும். நான் குனிந்து நடக்கப் பழகிவிட்டேன்.

அந்தக் கோடு போட்ட படம் கிடைத்தால் ஒன்று அனுப்பு. எது அவள் என்று எழுதி அனுப்பு. எனக்குப் பார்த்தால் புரியாது.

பேத்திக்கு முத்தம். மாப்பிள்ளையிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்.

உன் அப்பா

பி.கு. இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அவள் வித்தியாசம் தெரியலையே என்று கேட்டபோது, ஜோக்குக்கு முன்னால் வேறொரு சொல்தான் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

தெரியுது.